அக்காவின் கூட்டாளி வந்த கிழமை

எங்கள் அக்கா ஜீவராணி வாய்விட்டு எதையும் கேட்கிற ஆள் இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளை அந்தி வரைக்கும் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. பிள்ளைகள் கேட்பதைக் கொடுத்தே பழகிய கை, தனக்கென்று நீளவே நீளாது. இன்றைக்கும் ஹட்டன் டவுனில் அவளோடு நடந்தால் எனக்கு எரிச்சல்தான் மிச்சம். நாலு கடை தாண்டுவதற்குள் எவனாவது ஒரு தடியன் "ஆயா" என்று வந்து நிற்பான். அவனுக்கு மூக்குச் சிந்திவிட்ட கதையை அக்கா நடுரோட்டில் ஆரம்பிப்பாள். பக்கத்தில் நிற்கும் அவன் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரிப்பாள். நான், சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓட்டுகிற என் வானை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டுப் பொலிஸ்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்படிப்பட்டவள் போன மாசியில் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"தம்பி விஜி, தெரேசா வாறாளாம். ஒரு ராத்திரியாவது அவ நம்ம வீட்டுல படுத்து எந்திரிக்கணும். அது போதும் எனக்கு."

தெரேசா எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பரா என்றால் நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கொத்தமல்லி கொதிக்கும். தெரேசாவின் அம்மா அவளுடைய சிறு வயதிலேயே தவறிவிட்டார். அப்பா லியனார்ட்டுக்குத் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை. அதனால் தெரேசா பாதி நேரம் எங்கள் பக்கம்தான் கிடப்பாள். எங்கள் அம்மா வீரம்மா ரொட்டி தட்டும்போது அவளுக்கும் சேர்த்தே மாவு பிசைவாள். தீபாவளிக்கு அக்காவுக்கு என்ன சீத்தைத் துணியோ அதே சீத்தையில் தெரேசாவுக்கும் ஒரு பாவாடை வரும். கிறிஸ்மஸுக்கு லியனார்ட் மாமா வாங்கி வருகிற கேக்கில் பெரிய துண்டு எனக்கு. இரண்டு பேர் இடுப்பிலும் மாறி மாறி உட்கார்ந்து வளர்ந்தவன் நான்.

லயத்துக்கு மேலே ஒரு பெரிய கல் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் அதில் ஏறி உட்கார்ந்து பதுளை ரயிலைப் பார்ப்பார்கள். ஜன்னலில் தெரிகிற ஆட்களுக்குப் பேர் வைப்பார்கள், ஊர் வைப்பார்கள், பொருத்தம் பார்த்துக் கல்யாணமும் செய்து வைப்பார்கள். எனக்கு அந்த விளையாட்டு பிடிக்காது. ஆனால் இப்போது அந்த ரயில் சத்தம் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது அவர்களுடைய சிரிப்புத்தான். பிறகு கன்னியாஸ்திரிகள் தெரேசாவைத் தையல் பழகக் கொழும்புக்குக் கூட்டிப் போனார்கள். கொழும்பில் கல்யாணம், கல்யாணத்தோடு கனடா. மாப்பிள்ளை யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர் என்று அக்கா சொல்வாள். அவர் இறந்து மூன்று வருடமாகிறது.

இத்தனை காலத்தில் தெரேசா ஒருதரமும் ஊருக்கு வரவில்லை. முதலில் நாட்டில் சண்டை, பிறகு பிள்ளைகள், பிறகு வேலை, பிறகு புருஷனுக்கு வருத்தம், ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு கொரோனா. காரணம் ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்து நின்றது. அக்கா எல்லாவற்றையும் நம்பினாள். அக்கா வாட்ஸ்அப் பழகியதே தெரேசாவுக்காகத்தான்.

தெரேசா வருகிறாள் என்று தெரிந்ததும் முன் காம்பராவுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. புது மெத்தை வந்தது. தெரேசாவுக்கு முழங்கால் வலி, குந்தி உட்கார முடியாது என்று கேள்விப்பட்டு, பின்பக்கத்தில் கொமட் வைத்த பாத்ரூம் ஒன்றும் அக்கா கட்டினாள். இளநீல டைல்ஸ். லயமே வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனது. காளியாயி கிழவி மட்டும், "இதுக்குள்ள போனா சாமி கும்புடத்தான் தோணும்" என்றாள்.

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு நானும் அக்காவும் போனோம். பிளேன் தாமதம் என்று போர்டில் போட்டிருந்தான். பிறகு இன்னும் தாமதம் என்று போட்டான். அக்கா உட்கார மாட்டேன் என்றாள். ரொட்டியும் சம்பலும் கட்டிய டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு, கம்பி ஓரமாகவே நின்றாள். வெளியே வருகிற ஒவ்வொரு பெண்ணையும் உற்றுப் பார்த்தாள். கனடாவிலிருந்து வருபவள் எப்படி இருப்பாள் என்று இத்தனை நாள் போனில் பார்த்தவள்தானே, ஆனாலும் தாவணி போட்ட ஒருத்தியைத்தான் தேடுகிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

பிளேன் இறங்கி வெகுநேரமாகியும் தெரேசா வரவில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கடைசியில் கையில் ஒரு தடித்த குளிர்க்கோட்டும் தோளில் ஒரு பையுமாக, தலை கலைந்து, ஒரு சின்ன உருவம் வந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.  பின்னால் வந்தவர்களின் தள்ளுவண்டி எல்லாம் நின்றுவிட்டது. நான்தான் இரண்டு பேரையும் ஓரமாக இழுத்துவிட்டேன்.

"பொட்டி எங்கடி?" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வரல. மாறுன எடத்துல விட்டுட்டாங்களாம். எழுதிக் குடுத்திட்டு வர இவ்வளவு நேரம். கெடைச்சதும் ஹோட்டலுக்கே கொண்டாந்து குடுப்பாங்களாம்."

"எந்த ஹோட்டலுக்கு?"

தெரேசா என்னைப் பார்த்தாள். "நுவரெலியாவுல ஒரு ரூம் போட்டிருக்கேன் ஜீவா. நீயும் என் கூடத்தான் தங்கணும். லயத்துக்குன்னு எந்த அட்ரஸக் குடுக்குறது, சொல்லு. பொட்டி கொண்டாற வான்காரன் எங்கன்னு வந்து தேடுவான்?"

அது பொய்யில்லை. எங்கள் லயத்துக்குக் கதவு இலக்கம் கிடையாது. கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கே நாள் கணக்கில் கிடந்து பிறகுதான் எங்கள் கைக்கு வரும். ஆனால் பெட்டி தொலைந்தது இன்றைக்கு. ரூம் போட்டது எப்போது? நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நியாயம்தானே" என்று சொல்லிவிட்டாள். டைல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வழியில் கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். அக்கா டப்பாவைத் திறந்தாள். தெரேசா ஒரு வாய் ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தவள், மென்று விழுங்காமல் அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காரமாடி?"

"இல்ல. அம்மா கை மாதிரியே இருக்கு."

எங்கள் அம்மாவை அவளும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா போன வருடம் தவறிவிட்டாள். தெரேசா அன்றைக்கு வீடியோவில் பார்த்து அழுதாள். அதற்குப் பிறகு வழி முழுக்கப் பழைய கதைதான். மழைக்குப் படங்குத் தார்ப்பாய்த் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது, அட்டை ஏறிய காலைச் சவர்க்காரத்தால் தேய்த்தது, வகுப்பில் தெரேசா தூங்கிவிழ அக்கா கிள்ளியது. எனக்குத் தெரியாத கதைகளும் வந்தன. நான் கேட்காதவன் போல ஓட்டினேன். அந்தக் கதைகளில் எங்கள் அம்மா உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தாள். வளைவுகளில் வேண்டுமென்றே மெதுவாக எடுத்தேன்.

ஹட்டன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சவுக்குமரச் சந்தி. அதில் திரும்பி ஏறினால் எங்கள் தோட்டம். நான் சிக்னல் போடாமலே வேகத்தைக் குறைத்தேன். பின்னால் பேச்சு நின்றிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் தெரேசா கண்ணை மூடியிருந்தாள்.

"தூங்குறா. நீ போ" என்றாள் அக்கா.

மடியில் இருந்த பையைத் தெரேசா பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் தூங்குகிற ஆள் மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் போனேன்.

மறுநாள் என் மனைவி ஜெயந்தினி, அக்காவின் அலுமாரியிலிருந்து இரண்டு பேருக்குமாக உடுப்புக் கட்டிக் கொடுத்தாள். அக்கா கட்டி வெளுத்த சேலையையும் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு தெரேசா ஹோட்டல் வாசலில் வந்து நின்றபோது எனக்கே ஒரு கணம் திக்கென்றது. லயத்து வாசலில் தண்ணிக் குடத்தோடு நின்ற அதே தெரேசா.

பிறகு ஊர் சுற்றினோம். வருடத்துக்கு எத்தனையோ வெள்ளைக்காரர்களையும் கொழும்புக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு அதே இடங்களுக்குப் போகிறவன் நான். என் சொந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. நமக்கெல்லாம் நுவரெலியா என்றால் ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, மரக்கறிச் சந்தை. பார்க்குக்குள் போய் பூவைப் பார்க்க எவனுக்கு நேரம் இருந்தது? அக்கா ஒவ்வொரு பாத்திக்கும் முன்னால் நின்றாள். தெரேசா அவளை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தாள்.

ஒரு தேயிலை ஃபெக்டரியில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை உள்ளே கூட்டிப் போனார்கள். டை கட்டிய பையன் ஒருவன் கொழுந்து எப்படி வாடுகிறது, எப்படி அரைபடுகிறது என்று இங்கிலீசில் விளக்கினான். இவர்கள் இரண்டு பேரும் பின் வரிசையில் நின்று, சோற்றுப் பார்சலைத் தெரேசாவின் அப்பாவிடம் கொடுக்கப் போய் ஃபெக்டரி வாசலில் காவல்காரனிடம் ஏச்சு வாங்கிய கதையை ஒருவர் காதில் ஒருவர் ஓதிக்கொண்டிருந்தார்கள். அரைத்த தூள் பரப்பியிருந்த அறைக்குள் நுழைந்ததும் தெரேசாவின் சிரிப்பு நின்றது. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

"அப்பா சட்டை வாசம்டி ஜீவா."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் அங்கேயே நின்றுவிட, டை கட்டிய பையன் மற்றவர்களை அடுத்த அறைக்குக் கூட்டிப் போனான்.  லியனார்ட் மாமா காலையில் வேலை விட்டு வரும்போது என்னைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார், அந்தச் சட்டையில் அதே வாசம் அடிக்கும்.

அன்றைக்குப் பின்னேரம் ஏரிக் கரையில் படகுக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. வீடியோ அழைப்பு. தெரேசா எடுத்த மாத்திரத்தில் அவள் தமிழ் யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிட்டது.

"ஓம், ஓம், சுகமாய் இருக்கிறன். இஞ்சை பாருங்கோ, லேக்" என்று போனை ஏரிப் பக்கம் திருப்பினாள். போனில் ஒரு அம்மாவின் குரல் கேட்டது. மகனுடைய மாமியார், கனடாவில் இருக்கிற சம்பந்தி அம்மா. அங்கே அப்போதுதான் விடிகிறதாம். கூட யார் வந்தது என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. வான்காரர்தான் நிக்கிறார்."

அக்கா இரண்டு அடி தள்ளி நின்றாள். தெரேசாவின் கைப்பையும் தெரேசாவின் குளிர்க்கோட்டும் அவள் கையில் இருந்தன. அவள் நீரில் போன வாத்துகளைப் பார்த்தாள். போன் முடியும் வரைக்கும் வாத்துகளைத்தான் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வான் சாவியைத் தூக்கி ஏரியில் வீசலாம் போல இருந்தது. பிறகு வீட்டுக்கு எதில் போவது என்று விட்டுவிட்டேன்.

அந்திக்கு ஹோட்டலுக்குத் திரும்பினால் பெட்டி வந்திருந்தது. கவுண்டரில் இருந்த பையன் தனுஷன் எங்கள் ஆள், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தவன், மரியாதையாகச் சிரித்தான்.

"மேடம், போன தடவ மாடி ரூம் குளிருதுன்னு சொன்னீங்க. அதான் இந்தத் தடவ கீழ் ரூமா குடுத்தோம். வசதியா இருக்குங்களா?"

"போன தடவையா?" என்றேன் நான்.

"ஆமாங்க. ரெண்டு வருஷம் இருக்கும், ஏப்ரல் சீசனுக்கு. மேடம் குடும்பத்தோட வந்தாங்க. பெரிய வான்ல."

பாவம், அவனுக்கு என்ன தெரியும். தெரேசாவின் முகத்தில் இரத்தமே இல்லை. அக்கா குனிந்து பெட்டியின் ஒரு பக்கப் பிடியைப் பிடித்தாள். "பாரமா இருக்கு. அந்தப் பக்கம் பிடிடி" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ரூமுக்குப் போனார்கள். நான் வானில் வந்து உட்கார்ந்து ரேடியோவை அலறவிட்டேன்.

மறுநாள் இறம்பொடைக்குப் போவதாகப் பேச்சு. போனோம். ஹனுமான் கோயிலில் அக்கா கும்பிட்டாள், தெரேசா வெளியே செருப்புகளுக்குக் காவல் நின்றாள். நீர்வீழ்ச்சியைப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள்.  கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரிகிற ஒரு வளைவில், நான் கேட்காமலே அக்கா வானை நிறுத்தச் சொன்னாள். இறங்கி ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தாள். தெரேசாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

"ஏன்டி வரல?" என்றாள் அக்கா. தண்ணியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

தெரேசா சொல்லத் தொடங்கினாள். கல்யாணம் முடிந்த புதிதில் புருஷன் வீட்டார் ஊரைக் கேட்டார்களாம். கண்டி என்றாளாம். கண்டி டவுன். அப்பாவுக்கு என்ன வேலை என்றார்களாம். ஸ்டோர் கீப்பர் என்றாளாம்.

"யாரும் என்னய ஒன்னும் சொல்லல ஜீவா. நானாதான் சொன்னேன். அங்க பொதுவா பேசிக்கிட்டு இருக்கும்போது யாராச்சும் தோட்டக்காட்டான்னு எளக்காரமா ஒரு வார்த்தய சொல்லிருவாங்க. என்னயச் சொல்றதில்ல, சும்மா பேச்சுக்குத்தான். நான் தேத்தண்ணி ஊத்த எந்திரிச்சுப் போயிருவேன். அவருக்குத் தெரியும், எல்லாம் தெரியும். ஆனா ஒருக்கா கண்டின்னு சொன்ன பிறகு எப்புடி மாத்துறது? மகன் கட்டின எடத்துலயும் அதே கண்டிதான். அந்த வருஷம் சம்பந்தி வீட்டோட டூர் வந்தோம். கண்டியில என் வீட்டக் காட்டச் சொல்லி ஒருத்தர்கூடக் கேக்கல. அப்பாடான்னு இருந்துச்சு. திரும்பிப் போகையில ஹட்டன் வழியா..."

"சந்தியத் தாண்டிப் போனியா?"

"ம்."

 கீழே தண்ணீரில் வெயில் விழுந்து கண் கூசியது.

"அந்த ஏப்ரல்ல அம்மா இருந்துச்சுடி. படுக்கையில கெடந்துச்சு. வாசல்ல நெழலாடினா, தெரேசாவான்னு கேக்கும். இல்லம்மா, அவளுக்கு லீவு கெடைக்கலன்னு நான் சொல்லுவேன்." அக்காவின் குரல் உடைந்தது. "எனக்குக் கோவம் இல்லன்னு சொன்னா அது பொய். நிறையக் கோவம் இருக்கு. நேத்து ராவெல்லாம் ஒன் பக்கத்துல படுத்துக்கிட்டு ஒன்ன ஏசிக்கிட்டே இருந்தேன். ஆனா ஏசி முடிச்சாலும் நீதானடி எனக்கு இருக்க."

தெரேசா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அக்காவும் அழுதாள். நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ரோட்டில் போன பஸ்காரன் ஹார்ன் அடித்துவிட்டுப் போனான், அவனை இரண்டு வார்த்தை ஏசினேன்.

வானில் ஏறியதும் தெரேசா சொன்னாள், "தம்பி, நுவரெலியாவுல நிப்பாட்டாதீங்க. நேரா வீட்டுக்குப் போங்க."

"ஒம் பொட்டி ஹோட்டல்ல இருக்குடி" என்றாள் அக்கா.

"இருக்கட்டும்."

"சங்கடப்பட்டுக்கிட்டு வர வேணாம்."

"நான் வாறேன் ஜீவா."

சவுக்குமரச் சந்தியில் சிக்னல் போட்டுத் திருப்பினேன். அந்த ரோட்டின் குண்டு குழி அத்தனையும் எனக்கு மனப்பாடம், அன்றைக்கு ஒன்றையும் ஏசவில்லை.

லயத்தில் செய்தி எப்படிப் போனதோ தெரியாது, இஸ்தோப்புத் திண்ணை முழுக்கப் பெண்கள். அக்கா பிள்ளைக் காம்பராவில் வளர்த்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். காளியாயி கிழவி தெரேசாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "லியனார்ட் மகளா நீ, என்னாடி இப்புடி வெளுத்திட்ட" என்றாள். பக்கத்துக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். தெரேசா அங்கே போய் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு எங்கள் பக்கத்துக்கு வந்து அந்த நடுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஜெயந்தினி அவசரமாகப் பருப்பும் கீரையும் கருவாடும் ஆக்கியிருந்தாள். சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. பாய் போட்டு, தெரேசாவும் வலிக்கிற முழங்காலை நீட்டி உட்கார்ந்து, தட்டில் சோறு விழுகிற நேரம் போன் அடித்தது.

பழக்க தோஷத்தில் தெரேசா எடுத்துவிட்டாள். சம்பந்தி அம்மாவின் முகம் வந்தது. கண்ணாடி போட்ட, அமைதியான முகம்.

"தெரேசா, எங்கை நிக்கிறியள்? ஹோட்டல் மாதிரித் தெரியேல்லையே."

பின்னால் சுவரும் தகரக் கூரையும் கூட்டமாக எங்கள் பெண்களும் அந்தப் போனுக்குள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தெரேசா போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்தாள்.  அப்போது அக்கா குனிந்து போனுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.

"வணக்கம்மா. நான் முந்தி கண்டியில இவங்க வீட்டுல வேலைக்கு நின்னவங்க. அம்மா மனசு வச்சி என்னயப் பாக்க வந்திருக்காங்க."

யாரும் நம்பக்கூடிய பொய். எங்கள் பிள்ளைகள் டவுன் வீடுகளுக்கு வேலைக்குப் போகாத தோட்டம் எது? எங்கள் அக்கா வாழ்நாளில் ஒரு வீட்டிலும் வேலைக்கு நின்றவளில்லை. அந்த லயத்தில் பாதிப் பேருக்கு நடக்கப் பழக்கியவள். அத்தனை பேர் முன்னாலும், டைல்ஸ் போட்டு வைத்த தன் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சிரித்த முகத்தோடு அதைச் சொன்னாள். நான் எழும்பிவிட்டேன். ஜெயந்தினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இல்ல" என்றாள் தெரேசா.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் போனில் முதல்முறையாக எங்கள் தமிழில் பேசினாள்.

"இல்லங்க. இவ வேலைக்காரி இல்ல. இவ ஜீவராணி, என் கூட்டாளி. நான் கண்டி இல்ல. இந்த லயத்துலதான் பொறந்தேன், இந்தா, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். எங்கப்பா ஃபெக்டரியில வேல செஞ்சாரு. எனக்கு அம்மா இல்லாம போனப்ப இவங்கம்மாதான் என்னய வளத்தாங்க."

 லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். சம்பந்தி அம்மா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் தெரேசா" என்றார் அவர். "கலியாணம் பேச வந்த அண்டைக்கே உங்கட அவர் எங்களிட்டைச் சொன்னவர். தோட்டத்தின்ரை பேர், சந்தியின்ரை பேர், எல்லாம் சொன்னவர். அவ தானாய்ச் சொல்லுமட்டும் கேக்காதேங்கோ எண்டும் சொன்னவர். அதாலை நாங்கள் கேக்கேல்லை."

தெரேசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரண்டு வருசத்துக்கு முந்தி நாங்கள் வந்தபோது அந்தச் சந்தியிலை தேத்தண்ணிக்கு நிப்பாட்டினது ஞாபகம் இருக்கோ? எனக்கு அப்ப தேத்தண்ணி வேண்டியிருக்கேல்லை. நான்தான் அங்கை நிப்பாட்டச் சொன்னனான். நீங்கள் இறங்குவியள், எங்களையும் கூட்டிக்கொண்டு போவியள் எண்டு எல்லாரும் வெளியிலை பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். கனநேரம் நிண்டனாங்கள். நீங்கள் வானை விட்டு இறங்கேல்லை."

பிறகு அந்த அம்மா அக்காவிடம் சுகம் விசாரித்தார். அடுத்த தடவை எல்லோருமாக வருகிறோம் என்றார். அக்கா வாங்க வாங்க என்றாள். போன் முடிந்தது. இஸ்தோப்பில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். காளியாயி கிழவிகூட எழும்பிப் போனாள்.

தெரேசா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "அன்னைக்கு எறங்கியிருந்தா அம்மாவப் பாத்திருப்பேன் ஜீவா" என்றாள். "எல்லாரும் எனக்காக வெளிய நின்னாங்க. நான் கண்ண மூடிக்கிட்டு உள்ள இருந்தேன்."

அக்கா வெகுநேரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கீரையை வைத்தாள்.

"இப்ப எறங்கிட்டல்ல. சாப்புடு. ராவைக்கு முன் காம்பராவுல நீயும் நானும் படுத்துக்குவோம்."